கொதிநீரும் படகின் வெப்பநிலை காட்டியும்

படகை ஓட்டுபவர், தம் கண்முன் உள்ள வெப்பநிலை காட்டி பொய் சொல்லுகிறது என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டாராயின், அதன்பின் அக்கருவி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலும் அவர் அஞ்சுவதில்லை. "அது எப்பொழுதும் அப்படித்தான்" என்பார். உண்மையாகவே எஞ்சின் கொதிக்கும் நாளிலும் அவர் அதையே சொல்லுவார். அன்று ஹெட் காஸ்கெட் எரிந்துபோகும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகும். படகு நடுநீரில் நின்றுவிடும். நடுவழியில் நின்ற லாரியைவிட்டு இறங்கி நடந்து ஊர் சேரலாம். படகுக்கு அந்த வசதி இல்லை.

பட்டறைகளில் 'டெம்பரேச்சர் மீட்டர்' என்று வழங்கும் இச்சிறு கருவியில் ஐயம் எழுந்தால் பொதுவாக நடப்பது என்ன? முதலில் சென்சாரை மாற்றுகிறார்கள். முள் திருந்தாவிடின் மீட்டரை மாற்றுகிறார்கள். அதுவும் பயன்படாவிடின் மறந்துவிடுகிறார்கள். மூன்று செயல்களிலும் ஒன்று குறைகிறது; எவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. அளவு காட்டும் கருவி ஒன்றின் பிழையை மற்றோர் அளவினால் அன்றி வேறெவ்வாறு அறிவது? அந்த மற்றோர் அளவும் எங்கும் ஒரே தன்மையது அன்று என்பதை எடுத்துக்காட்ட, படகே இல்லாத ஒரு மலையூரை இக்கட்டுரையில் துணைக்கு அழைக்கிறேன். அதற்குமுன் கருவியைச் சற்று அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் கடற்கரையில் எஞ்சின் படகு பரவலாயிற்று என்பதற்கு ஒரு முக்கியமான தொடக்கம் கொல்லத்திற்கு அருகே உள்ள நீண்டகரை. 1952-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவை, நார்வே, இந்தியா ஆகிய மூவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1953 முதல் அங்கே மீன்பிடி படகுகளில் எஞ்சின் பொருத்தும் பணி நடந்தது. கொச்சியில் 1957-இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும், எர்ணாகுளத்தில் 1963-இல் மீன்பிடி படகுப் பணியாளர்களுக்கான மத்தியப் பயிற்சி நிலையமும் தோன்றின. இன்று கடலில் ஓடும் படகுகள் பலவற்றில் இருப்பவை லாரி எஞ்சின்களை அடிப்படையாகக் கொண்டு கடலுக்கென மாற்றியமைக்கப்பட்டவை. ரேடியேட்டர் இருந்த இடத்தில் வெப்பமாற்றி அமர்ந்தது. அதனுள் கடல்நீர் ஒருபுறமும் எஞ்சினைக் குளிர்விக்கும் நன்னீர் மறுபுறமுமாக ஓடுகின்றன. மீட்டரோ பெரும்பாலும் லாரியில் இருந்த வகையே. உலர்ந்த சாலைக்கென அமைந்த மின்சுற்று, உப்புக் காற்றில் வாழவேண்டியதாயிற்று.

அச்சுற்று மிக எளியது. எஞ்சினின் நீர்ப்பாதையில் திருகப்பட்ட சென்சாரினுள் ஒரு சிறு வில்லை உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஐரோப்பிய வகைகளுள் பரவலான ஒன்றில், 40 டிகிரி செல்சியஸில் சுமார் 287 ஓம் இருக்கும் தடை, 90 டிகிரியில் சுமார் 51 ஓமாகவும், 120 டிகிரியில் சுமார் 22 ஓமாகவும் இறங்கிவிடுகிறது. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். முள் சூட்டின் பக்கம் நகரும். அமெரிக்க வகைச் சென்சார்களின் தடை இதினின்றும் வேறுபட்டது. ஆகவே, கடையில் கிடைத்த சென்சாரை, மரை பொருந்திற்று என்ற ஒரே காரணத்தால் திருகிவிட்டால், மீட்டரும் சென்சாரும் தனித்தனியே குற்றமற்றவையாக இருந்தும் முள் தவறாகவே நிற்கும். இப்பொருத்தமின்மையால் வீணாகும் நாட்கள் கொஞ்சமல்ல.

இச்சுற்றைப் பற்றி ஓர் உண்மையைப் பயிற்சி வகுப்புகளில் போதிய அழுத்தத்துடன் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. உப்பினால் முனைகளில் களிம்பு ஏறினால் சுற்றில் தடை கூடும். தடை கூடினால் முள் குளிர்ச்சியின் பக்கம் சாயும். சென்சாரின் மரையில் வெள்ளை டெஃப்லான் நாடாவைத் தடிப்பாகச் சுற்றினாலும், எஞ்சின் உடலுக்கு வண்ணம் பூசும்போது மரையின் மேலும் பூசிவிட்டாலும் விளைவு இதுவே. ஏனெனில் ஒற்றைக் கம்பிச் சென்சாருக்கு அம்மரையே பூமி இணைப்பு. ஆகவே கடற்காற்று விளைவிக்கும் பிழை பெரும்பாலும் ஆறுதல் தரும் பக்கமே சாய்கிறது. எஞ்சின் 95 டிகிரியில் இருக்க, முள் 80 என்று காட்டி ஓட்டுபவரை உறங்கவைக்கும். கம்பியின் உறை தேய்ந்து எஞ்சின் உடலில் பட்டால் மட்டுமே முள் சிவப்பின் பக்கம் துள்ளும். அப்பிழை அச்சுறுத்துமேயன்றி அழிப்பதில்லை. அதிகம் காட்டும் மீட்டரை உடனே பழுது பார்க்கிறோம், குறைவாகக் காட்டும் மீட்டரை மெச்சுகிறோம். இது தலைகீழான வழக்கம்.

இனிச் சோதனைக்கு வருவோம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், சென்சாரின் கம்பியைக் கழற்றினால் முள் குளிர்ந்த கோடிக்குச் செல்லவேண்டும். கழற்றிய கம்பியை எஞ்சின் உடலில் ஒரு கணம் தொட்டால் சூடான கோடிக்குப் பாயவேண்டும். இரண்டும் நடந்தால் கம்பியும் மீட்டரும் உயிருடன் உள்ளன என்பது தெளிவு. ஆனால் அவை சரியாகக் காட்டுகின்றன என்பது இன்னும் தெளிவாகவில்லை. அதற்கு, மேலே சொன்ன ஐரோப்பிய வகையாயின், பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் 51 ஓம் தடை ஒன்றைச் சென்சாரின் இடத்தில் இணைத்துப் பார்க்கலாம். முள் 90-இன் அருகே நின்றால் மீட்டர் குற்றமற்றது. சில அணா பெறாத பொருள் என்று முன்னோர் சொல்லியிருப்பார்கள். இன்றும் அதன் விலை ஒரு தேநீரின் விலைக்குக் குறைவுதான். கணினிக் கட்டுப்பாடுடைய புதிய எஞ்சின்களில் இவ்வாறு கம்பியைத் தொட்டுப் பார்த்தல் ஆகாது; அவற்றின் கையேட்டின்படியே செல்லவேண்டும். விளக்கையோ, படகினுள் தேங்கிய நீரை இறைக்கும் பம்பையோ போட்டவுடன் முள் அசையுமானால், பூமி இணைப்பில் குறை உண்டு என்று கொள்ளலாம்.

தொலைவிலிருந்தே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இப்பொழுது பலர் கையில் உள்ளது. நல்ல கருவியே. எனினும் பளபளக்கும் அலுமினியப் பரப்பின் மேல் அதைக் காட்டினால் உள்ளதைவிட மிகக் குறைவாகவே காட்டும். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைச் சரிவர வீசுவதில்லை. சென்சாரின் அருகே பளபளப்பற்ற கறுப்பு வண்ணம் ஒரு காசளவு பூசி, அவ்விடத்தையே அளக்கவேண்டும்.

எஞ்சியிருப்பது சென்சார். அதனைக் கழற்றி, கொதிக்கும் நீரில் தொங்கவிட்டு, "கொதிநீர் நூறு டிகிரி; மீட்டரும் நூறு காட்டவேண்டும்" என்று பார்ப்பது பட்டறைகளின் பழைய முறை. கருத்தில் பிழை இல்லை. இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் இது சரியான சோதனை. பிழை, அந்த 'நூறு' என்ற எண்ணைக் கடற்கரையிலிருந்து மலைமேல் தூக்கிச் செல்லும்போது நேர்கிறது. படகு மலைமேல் ஏது என்று கேட்கவேண்டா. மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பட்டி நீர்த்தேக்கம் சுமார் 1700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. தேக்கடியின் பெரியாற்று ஏரி சுமார் 870 மீட்டர் உயரம்.

அம்மலைத் தொடரின் மறுபக்கத்தில், மறையூருக்கு மேலே காந்தலூர் இருக்கிறது. அஞ்சுநாடு என்னும் பழைய ஐந்து ஊர்களுள் ஒன்று. மழை மறைவுப் பகுதி. பூண்டும் உருளைக்கிழங்கும் பழமரங்களும் விளையும் சுமார் 1500 மீட்டர் உயரத்துச் சிற்றூர். தமிழ் வழங்கும் இவ்வூர்களின் நீர் பாம்பாற்றின் வழியே அமராவதி அணைக்குச் செல்லுகிறது. இங்கே படகு இல்லை. ஆனால் இங்குள்ள அடுப்பில் ஒரு பாத்திரம் நீரைக் கொதிக்கவைத்து, நம்பகமான வெப்பமானியை அதன் ஆவியில் பிடித்தால், அது 95 டிகிரி அளவில் நின்றுவிடும். எவ்வளவு விறகு இட்டாலும் அதற்குமேல் ஏறாது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தத்தில் நீர் எளிதில் ஆவியாகிறது. தோராயமாக ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். உடுமலைப்பேட்டையில் 99-ஐ ஒட்டியும், மறையூரில் 97-ஐ ஒட்டியும், காந்தலூரில் 95-ஐ ஒட்டியும் இருக்கும். ஆனைமுடியின் உச்சியில், அதாவது 2695 மீட்டரில், 91 அளவே. ஒரே நாளில் பேருந்தில் ஏறிச் செல்லும் வழியில் நீரின் கொதிநிலை நான்கு டிகிரி இறங்கிவிடுகிறது என்பதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? நூறு என்ற எண் பாடப்புத்தகத்தில் அச்சாகியுள்ளது. அதன் அருகே 'கடல்மட்ட அழுத்தத்தில்' என்ற சொற்களும் அச்சாகியிருப்பதுண்டு. ஆனால் தேர்வில் கேட்கப்படுவது எண் மட்டுமே.

இந்த வேறுபாட்டையே கருவியாகக் கொண்டு மலைகளின் உயரத்தை அளந்தவர்கள் உண்டு. 1848 முதல் இமயத்தில் பயணம் செய்த தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், கொதிநிலை வெப்பமானியை உடன் கொண்டு சென்று உயரங்களைக் கணித்தார். அவருக்குப் பயன்பட்ட உண்மை, மாட்டுப்பட்டியில் சென்சாரைச் சோதிப்பவருக்கு மறந்துபோகலாகாது. அங்கே கொதிநீரில் இட்ட சென்சார் மீட்டரில் 94 காட்டினால் அது குற்றமற்றது. 'ஆறு டிகிரி குறைவு' என்று அதைத் தூக்கி எறிந்து, 100 காட்டும் புதிய ஒன்றைத் தேடிப் பொருத்தினால், நல்லதைக் கொடுத்துப் பொல்லாததை வாங்கியதாக முடியும். தெர்மோஸ்டாட்டின் சோதனையிலும் இதே பிசகு நேரும். 82 என்று பொறித்த தெர்மோஸ்டாட் அவ்வெப்பநிலையில் திறக்கத் தொடங்கி, பல வகைகளில் 95-ஐ ஒட்டியே முழுதும் திறக்கிறது. மலைமேல் கொதிநீரில் இட்டு, 'முழுதும் திறக்கவில்லை' என்று அதைக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது; அந்நீரால் அதற்குமேல் சூடாக இயலவில்லை.

ஐந்தாறு டிகிரிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். பருப்பு வேகச் சற்று நேரம் ஆகும் என்பதைத் தவிர வேறென்ன? காந்தலூரில் சமைப்பவர்கள் இதற்குத் தீர்வு கண்டே இருக்கிறார்கள்; அழுத்தக் குக்கரின் மூடி அதற்குத்தான். எஞ்சினிலும் அத்தகைய மூடி ஒன்று உண்டு என்பதும், பேச்சு முழுவதும் அம்மூடியைப் பற்றியதாக ஆகிவிடுகிறது என்பதுமே நான் சொல்ல வந்தது.

நன்னீரால் குளிரும் எஞ்சினின் நீர்த்தொட்டி மூடியில் ஒரு சுருள்வில் இருக்கிறது. அது, சாதாரணமாகக் காணும் ஒரு வகையில், வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் அளவு வரை அழுத்தத்தை உள்ளே தாங்கி நிற்கும். கடல்மட்டத்தில் அவ்வழுத்தத்தில் நீர் கொதிப்பது 119 டிகிரியை ஒட்டி. காந்தலூர் உயரத்தில் அதே மூடியின் கீழ் 116-ஐ ஒட்டி. ஆகவே மூடி நன்றாக இருக்கும்வரை மலைக்கும் கடலுக்கும் மூன்று டிகிரி வேறுபாடே. மூடியின் ரப்பர் வெடித்து, அழுத்தம் நிற்காமல் போகட்டும். அப்பொழுது கடலில் நீர் 100-இல் கொதிக்கும், மலையில் 95-இல் கொதிக்கும், மாட்டுப்பட்டியில் 94-இல். மீட்டரின் சிவப்புக் கோடோ 100-க்கு மேலே எங்கோ தொடங்குகிறது. நீர் கொதித்து ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கும். முள்ளோ, முற்றிலும் உண்மையையே சொல்லிக்கொண்டு, சிவப்பை எட்டாமல் 94-இல் நிற்கும். கொதிநீர் கொதிநிலைக்கு மேல் ஏறாது என்ற இயற்கை விதியே ஓட்டுபவருக்கு எதிராகச் சதி செய்வதுபோல் ஆகிவிடும். மறையூரிலிருந்து காந்தலூருக்குச் சரக்கேற்றி முதல் கியரில் ஏறும் ஜீப்பிற்கும் இதே நிலைதான்.

அடுத்து நிகழ்வது இதனினும் கொடிது. நீர்மட்டம் இறங்கி, சென்சாரின் முனை நீரைவிட்டு வெளிப்பட்டால், அது அதன்பின் நீரின் சூட்டை அளப்பதில்லை. ஆவியையும் காற்றையும் அளக்கிறது. காற்று வெப்பத்தை நீரைப்போல் கடத்துவதில்லை. எனவே எஞ்சின் கனல, முள் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும். 'நல்லவேளை, சூடு தணிந்தது' என்று ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டுவார். பயிற்சியாளர்கள் வேறெதைச் சொல்லாமல் விட்டாலும், இதைச் சொல்லாமல் விடலாகாது. சுமை குறையாமலே முள் இறங்கினால் எஞ்சினை நிறுத்தவேண்டும். நிறுத்தியவுடன் மூடியைத் திறப்பதும் ஆகாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் வெளிக்காற்று பட்டவுடன் பொங்கிக் கையையும் முகத்தையும் வெந்துபோகச் செய்யும். எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கவேண்டும்.

மீட்டர் மெய்யே சொல்லுகிறது என்று தெரிந்துவிட்டால், மற்றவை பழகிய வேலைகள்: அடைபட்ட நீர் வடிகட்டி, இதழ் உடைந்த இம்பெல்லர், உப்பும் சுண்ணமும் படிந்த வெப்பமாற்றி. கடல்நீரையே நேராக எஞ்சினுள் செலுத்தும் பழைய வகைகளில் உப்பு படியாதிருக்க 60 டிகிரி அளவிலேயே தெர்மோஸ்டாட் அமைந்திருக்கும். அவற்றில் முள் தாழ்ந்து நிற்பதைக் குறையென்று கருதவேண்டா.

நம் பயிற்சித் திட்டங்களில் என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டால், புதிய பாடம் எதுவும் வேண்டா என்பேன். இருக்கும் பாடத்தை ஊருக்கேற்பச் செய்து காட்டினால் போதும். மலையூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், முதலில் பனிக்கட்டி உருகும் நீரில் வெப்பமானியை இட்டு அது சுழியைக் காட்டுகிறதா என்று பார்க்கட்டும். பின்னர் கொதிநீரின் ஆவியில் பிடித்து, நின்ற எண்ணை மாணவரைக் கொண்டே கரும்பலகையில் எழுதச் செய்யட்டும். வெப்பமானி பாத்திரத்தின் அடியைத் தொடலாகாது. நீரில் உப்பு இருத்தலும் ஆகாது, கடல்நீர் நன்னீரைவிட அரை டிகிரி அளவு மேலேதான் கொதிக்கும். வந்த எண் 95 என்றால், 'வெப்பமானி கெட்டுவிட்டது' என்று எழும் முதல் குரலை அடக்கவேண்டா. அக்குரலைக் கேட்டு, கெட்டது எது என்று வகுப்பே ஆராயட்டும். பனிக்கட்டியில் சுழி காட்டிய கருவி ஆவியில் மட்டும் ஏன் பொய் சொல்லவேண்டும் என்ற கேள்வியிலிருந்து காற்றழுத்தப் பாடம் தானே தொடங்கும்.

நீர்த்தேக்கங்களில் படகுகளை மேற்பார்க்கும் களப்பணியாளருக்கோ நான் வேண்டுவது ஓர் அட்டை. மீட்டரின் அருகில், ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டப்படவேண்டும். அவ்விடத்து உயரமும், அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் அதில் முதல் வரி. எஞ்சின் நல்ல நிலையில், முழுப் பயணிகளுடன், அரைமணி ஓடியபின் முள் எங்கே நின்றது என்பது இரண்டாம் வரி. சென்சார் எந்த வகை, எந்த நாளில் மாற்றப்பட்டது என்பது மூன்றாம் வரி. மூடி கடைசியாகச் சோதிக்கப்பட்ட நாள் நான்காம் வரி. இரண்டாம் வரியில் உள்ள எண்ணிலிருந்து முள் ஐந்து டிகிரி ஏறினாலும் இறங்கினாலும், சிவப்புக் கோட்டுக்குக் காத்திராமல் அன்றே பார்க்கவேண்டும். ஒரு படகைக் கடற்கரையிலிருந்து மலைக்கோ மலையிலிருந்து கடற்கரைக்கோ கொண்டு சென்றால், பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய இடத்தில் மறுபடியும் நீரைக் கொதிக்கவைத்துத் தொடங்கவேண்டும்.